கடலில்லாத ஊரிலிருந்து கடற்கரை உயிர்களைக் காத்தல்: சேலத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் கடல் இல்லை. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டின் மேல் ஏறி நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது மலையும் சமவெளியும்தான். ஆனாலும் அந்த மலையில் ஐப்பசி மாதம் பெய்யும் மழைக்குக் கடலுக்குப் போகும் வழி தெரியும். மேற்கேயும் தெற்கேயும் இறங்கும் நீர் சரபங்கா நதியாகவும் திருமணிமுத்தாறாகவும் காவிரியில் சேர்கிறது. வடகிழக்குச் சரிவின் நீர் வாணியாறாகித் தென்பெண்ணையோடு கலந்து கடலூர் அருகே கடலை அடைகிறது. மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதியும், தம்மம்பட்டி, கெங்கவல்லி வழியே வரும் சுவேத நதியும் வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன.

வரைபடத்தை விரித்து இந்த ஆறுகளின் முடிவைப் பார்த்தால் ஒரு செய்தி விளங்கும். சிதம்பரத்துக்கு அருகே, ஆறும் கடலும் கலக்கும் சேற்றில் வளர்ந்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் வடக்கே இருப்பது வெள்ளாற்று முகத்துவாரம். தெற்கே இருப்பது காவிரியின் மிகைநீரைச் சுமந்து வரும் கொள்ளிடத்தின் முகத்துவாரம். சேலம் மாவட்டத்தின் நீர் இரண்டு கைகளாக நீண்டு அந்த ஒரே காட்டை இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கைகள் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன என்பதில் நமக்குப் பொறுப்பு உண்டு என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. கடற்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்குவது நல்ல செயல்தான். ஆனால் சேலத்தில் இருப்பவர் செய்யக்கூடிய பெரிய வேலை சேலத்திலேயே இருக்கிறது.

தொடங்குவதற்கு முன்: முகத்துவாரம் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன?

எதைக் காக்கிறோம் என்று தெரியாமல் வேலையில் இறங்கினால் உழைப்பு சிதறிப்போகும். ஆகவே இந்தப் பகுதியைச் சற்றுப் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அலையாத்திக் காடு. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மிகுதியாக நிற்பது வெண்கண்டல். வேருக்குக் காற்றுக் கிடைக்காத சேற்றில் நிற்பதால், அது பென்சில் கனத்தில் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டிச் சுவாசிக்கிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் அதன் இலையின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தால் உப்புக் கரிக்கும். சுரபுன்னையோ வேரிலேயே உப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காயைப் போல நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து ஊன்றும்.

உப்பைத் தாங்கும் மரங்களுக்கு நன்னீர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. கோடையில் ஆற்றுநீர் நின்றுபோய், தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற, சேற்றின் உப்பு கடலின் உப்பையும் மிஞ்சிவிடுகிறது. அந்த நிலையில் இளங்கன்றுகள் பிழைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது ஆறுகளில் வரும் வெள்ளம்தான் அந்த உப்பைக் கழுவிவிடுகிறது. நன்னீர் வரத்துக் குறைந்துபோன முத்துப்பேட்டைக் காட்டில் ஏறக்குறைய வெண்கண்டல் மட்டுமே எஞ்சியிருப்பது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. பிச்சாவரத்திலும் முன்பு ஆங்கிலேயர் காலத்தில் மரங்களைப் பட்டை பட்டையாக வெட்டியதால் நிலம் அமுங்கித் தொட்டிபோல் ஆகி, நீர் தேங்கி உப்பேறிப் பல இடங்கள் பொட்டலாயின. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் (ஏறி இறங்கும் கடல்நீர்) வந்துபோக வழி செய்த பிறகே அந்தப் பொட்டல்கள் பசுமைக்குத் திரும்பின.

இறாலும் மீனும் இதே நீரை நம்பியிருக்கின்றன. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வேர்க்காட்டுக்குள் ஏறி வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். கொடுவாவும் விலாங்கும் ஆற்றில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக உப்புநீரை நோக்கி இறங்குகின்றன. உல்லம் மீன் இதற்கு நேர்மாறாகக் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்தது. கொள்ளிடத்தின் கீழணையும் 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதன் பாதையை அடைத்துவிட்டன. அணை மணலையும் வண்டலையும் தடுத்து நிறுத்துவதால், டெல்டாவின் கடற்கரைக்குக் கிடைக்க வேண்டிய மண்ணும் குறைகிறது.

பரங்கிப்பேட்டைப் பக்கம் படகு வலித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கிவிட்டது: "தம்பி, ஐப்பசியில மேலத் தண்ணி நல்லபடியா வந்தாத்தான் இறால் குஞ்சு உள்ள ஏறும்." மேலத் தண்ணி என்று அவர் குறிப்பிட்டது நம் ஊர்ப் பக்கத்து நீரைத்தான்.

ஆக, முகத்துவாரத்துக்கு நான்கு பொருள்கள் தேவை: உரிய பருவத்தில் நன்னீர், அளவான மண்ணும் மணலும், நஞ்சு கலக்காத நீர், மீன் ஏறி இறங்கத் தடையில்லாத பாதை. இனி வரும் படிகள் இவற்றுக்காகவே.

முதற்படி: உங்கள் தெருவின் நீர் எங்கே போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் தொடங்குங்கள். சாக்கடை எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை எந்த ஏரியின் வரத்துவாய்க்கால், அந்த ஏரியின் மறுகால் எங்கே பாய்கிறது என்று காலால் நடந்தே கண்டறியுங்கள். கைபேசி வரைபடம் உதவும். ஆனால் அதில் காட்டப்படாத வாய்க்கால்களும், வீடுகள் கட்டி மூடப்பட்டுவிட்ட ஓடைகளும் சேலம் நகருக்குள் உண்டு. ஊரின் மூத்தவர்களைக் கேட்டால், "இங்கேதான் ஓடை போச்சு" என்று கைகாட்டுவார்கள். வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தையும், நிலங்களின் விவரம் அடங்கிய 'அ' பதிவேட்டையும் பார்த்தால் நீர்நிலைப் புறம்போக்கின் எல்லை தெரியும்.

வெறும் தாளில் கையால் ஒரு வரைபடம் தயாரித்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, இறைச்சிக் கழிவு கொட்டும் இடம், குப்பைமேடு, பாலம், படித்துறை ஆகியவற்றை அதில் குறியுங்கள். இனிச் செய்யப்போகும் வேலைகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

இரண்டாம் படி: நீரைப் படிக்கக் கற்றுக்கொள்வது

வரைபடத்திலிருந்து மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஊருக்கு மேலே ஒன்று, ஊருக்குள் ஒன்று, ஊரைக் கடந்த பின் ஒன்று. மாதத்துக்கு இருமுறை, ஒரே நேரத்தில், அதே இடங்களில் பார்க்க வேண்டும். நேரம் முக்கியம். பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய நீரில் இரவு முழுவதும் உயிர்வளி (ஆக்சிஜன்) செலவாகி, விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும்; மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலில்தான். ஆகையால் முடிந்தவரை விடிந்தவுடனே போய்விடுங்கள்.

குறிப்பேட்டில் நாள், நேரம், முந்தைய நாள் மழை பெய்ததா, நீரின் நிறம், வாடை, நுரை, செத்த மீன், வந்திருக்கும் பறவைகள் ஆகியவற்றை எழுதுங்கள். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அமிலத்தன்மை அறிய பி.எச். தாள் போதும். கரைந்த உயிர்வளியை அளக்கும் சிறு சோதனைப் பெட்டியைப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களின் உதவியோடு பயன்படுத்தலாம். அதற்கான புட்டியை நீருக்கடியிலேயே நிரப்பி, காற்றுக்குமிழ் ஒன்றுகூடத் தங்காமல் அங்கேயே மூட வேண்டும். குமிழ் இருந்தால் அளவு பொய்யாகிவிடும்.

மீன்கள் வாழத் தகுந்த நீர் என்பதற்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள தரம், லிட்டருக்கு 4 மில்லிகிராமோ அதற்கு மேலோ கரைந்த உயிர்வளி இருப்பதும், பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருப்பதும் ஆகும். இந்த எண்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது உப்பைத்தான் காட்டும். ஜவ்வரிசி ஆலையின் மாவுக்கழிவையோ தாமிரம் போன்ற உலோகத்தையோ அதில் வரும் எண் பிரித்துச் சொல்லாது.

கருவியே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஓடும் தெளிந்த ஓடையில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மூன்று வால் இழைகளோடு, பக்கவாட்டுச் செவுள்களை அசைத்தபடி இருக்கும் சிறு பூச்சி, ஈசலைப் போன்ற ஒன்றின் இளம்பருவம். மணல்துகள்களைப் பசையால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கும் புழுவும் தென்படலாம். இவை உயிர்வளி குறைந்த நீரில் நிலைப்பதில்லை. ஊரைக் கடந்த பின் அதே ஓடையின் கருஞ்சேற்றைக் கிளறினால், இரத்தச் சிவப்பில் நெளியும் மெல்லிய புழுக்கள்தான் கிடைக்கும். மூச்சுக்கு வழியில்லாத சேற்றில் பிழைப்பதற்காகவே அவற்றின் உடலில் அந்தச் சிவப்பு நிறமி உள்ளது. பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிட வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போனால், பத்து வகுப்புகளில் சொல்லிப் புரியாததை இந்த இரண்டு இடங்களும் அவர்களுக்குப் புரியவைத்துவிடும்.

மூன்றாம் படி: மலையில் செய்ய வேண்டியவை

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் கவனிக்க வேண்டிய பகுதி இது. நிழல்மரங்களோடு வளரும் காபித் தோட்டம் மழையைத் தாங்கி, மண்ணில் இறக்கி, ஓடைக்கு மெதுவாகக் கொடுக்கும். அந்த மரங்களை வெட்டிவிட்டுச் சரிவைக் கட்டிடத்துக்காகச் சமன்படுத்தினால், அதே மழை அரை மணி நேரத்தில் செம்மண்ணோடு கீழே வந்துவிடும். அதன் பிறகு மாசியில் ஓடை வறண்டுபோவதற்கு மழையைக் குறை சொல்வதில் பொருளில்லை.

சரிவில் சமமட்ட வரப்புகளும், அவற்றின் மேல் வெட்டிவேர் வரிசையும் அமைப்பது செலவு குறைந்த வழி. ஓடையின் இரு கரையிலும் குறைந்தது பத்தடியாவது உழாமல், மருந்து தெளிக்காமல் விட்டுவைப்பது நல்லது. அயல் களையான உண்ணிச்செடியைப் பிடுங்கும்போது ஒரேயடியாகச் சரிவு முழுவதையும் வெறுமையாக்காமல், சிறு சிறு பகுதியாக நீக்கி, அந்த இடத்தில் மலைக்குரிய நாட்டு மரங்களை நட்டுக்கொண்டே போக வேண்டும்.

காபி அறுவடைக் காலத்தில் பழத்தோல் நீக்கிக் கழுவிய நீரை ஓடையில் விடுவது பெரும் தீங்கு. சர்க்கரையும் பசையும் நிறைந்த அந்த நீர் புளித்து, ஓடையின் உயிர்வளியை உறிஞ்சிவிடும். குழிகளில் தேக்கிச் சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணித்துச் சுத்திகரிக்க வேண்டும். பழத்தோலை மட்க வைத்துத் தோட்டத்துக்கே உரமாக்கலாம்.

நான்காம் படி: பட்டறையும் ஆலையும்

சேலத்தின் பிழைப்பு நெசவிலும் சாயத்திலும், வெள்ளிக் கொலுசிலும், குச்சிக்கிழங்கிலும் இருக்கிறது. இந்தத் தொழில்களை எதிரியாக நினைத்துப் பேசத் தொடங்கினால் முதல் நாளே கதவு அடைபட்டுவிடும். அவற்றில் உழைப்பவர்கள் நம் உறவினர்கள், அண்டைவீட்டார். ஆனால் கழிவைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது.

ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரில் நஞ்சைவிட மாவுச்சத்துதான் மிகுதி. நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும்போது நீரிலுள்ள உயிர்வளி முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அந்த இழப்பை அளக்கும் பி.ஓ.டி. என்னும் அளவு, ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. சுத்திகரிக்காத ஜவ்வரிசிக் கழிவில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கழிவு எரிவாயுவாக மாறக்கூடியது. மூடிய தொட்டியில் காற்றில்லாமல் செரிக்கவிட்டு, கிடைக்கும் வாயுவை ஆலையின் எரிபொருளாகவும் மின்சாரமாகவும் பயன்படுத்தும் ஆலைகள் சேலம் வட்டாரத்திலேயே பல உள்ளன. அப்படி நடக்கும் ஆலைக்கு, இன்னும் அமைக்காத ஆலை உரிமையாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுவது, பத்து மனுக்கள் எழுதுவதைவிட விரைவாகப் பலன் தரும் என்பது என் அனுபவம். கிழங்கை அரைத்துப் பிழிந்தபின் எஞ்சும் திப்பியை மாட்டுத்தீவனத்துக்குக் கொடுத்துவிடுவதுபோல, நீரையும் பொருளாகப் பார்க்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

சாயக்கழிவு வேறு வகையானது. துணியில் சாயம் ஏற உப்பு மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. சாதாரண உயிரியல் சுத்திகரிப்பால் அந்த உப்பை நீக்க முடியாது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம்தான் வழி. தனித்தனிப் பட்டறைகளால் அந்தச் செலவைத் தாங்க இயலாது என்பதால் கூட்டாகவே அது அமைய வேண்டும். கடலே உப்பாக இருக்கும்போது இந்த உப்பால் கடலுக்கு என்ன கேடு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கேடு முதலில் விளைவது வழியெங்கும் உள்ள கிணறுகளுக்கும், நன்னீர் மீன்களுக்கும், ஆற்றில் வளரும் விலாங்குக்கும்தான். கடைசிக் கேடு முகத்துவாரத்தில் நிகழ்கிறது: உப்போடு கழிவில் வரும் உலோகங்கள் மெல்லிய வண்டலோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்து, ஓட்டம் தணியும் அலையாத்திக் காட்டின் சேற்றில் படிகின்றன. அந்தச் சேற்றைத் தின்று வாழ்பவை நண்டும் மடவை மீனும்.

வெள்ளிப் பட்டறையின் அமிலக் கழிவில் தாமிரம் கரைந்திருக்கும். தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே பாசியையும் சிப்பியையும் பாதிக்கும். சுண்ணாம்பைக் கொண்டு அமிலத்தைத் தணித்தால் உலோகம் கசடாகக் கீழே தங்கும். அந்தக் கசடு அபாயகரமான கழிவு என்பதால், உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு சிறு பட்டறைகள் இருக்கும் தெருவில், கழிவைக் கேன்களில் சேர்த்து வாரம் ஒருமுறை ஓரிடத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டைத் தொழில் சங்கத்தின் வழியே கேட்டுப் பெறலாம்.

ஐந்தாம் படி: புரட்டாசியில் செய்து முடிக்க வேண்டிய வேலை

கோடை முழுவதும் ஓடைகளில் சேர்ந்த குப்பையை வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே தூய்மைப் பணிக்கு உரிய காலம் புரட்டாசி. மழை வந்த பிறகு செய்தால், எஞ்சியதைத்தான் பொறுக்குவோம்.

பிச்சாவரத்தில் ஒருமுறை ஓதம் வற்றிய நேரத்தில் படகை நிறுத்தி, ஒரு வெண்கண்டலின் அடியைப் பார்த்தேன். ஏறக்குறைய நாற்பது மூச்சுவேர்களின் மேல் ஒரே ஒரு பாலித்தீன் விரிப்பு போர்வையைப் போலப் படிந்திருந்தது. விளிம்பைப் பிடித்து உரித்தபோது அடியில் சேறு கரிய நிறத்தில், அழுகிய முட்டை வாடையோடு இருந்தது. மூடப்பட்ட வேர்களின் நுனி வழவழப்பாகி, நகம் பட்டால் தோல் உரிந்து வந்தது. விரிப்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்ற வேர்கள் உறுதியாக இருந்தன. அந்த விரிப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஊரிலிருந்து வந்திருக்க முடியாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஓடையின் குறுக்கே மிதவைத் தடுப்பு அமைப்பது எளிது. மூடிய பிளாஸ்டிக் கேன்களை மூங்கிலோடு கயிற்றால் பிணைத்து, அதன் கீழே ஓரடி ஆழத்துக்கு வலையைத் தொங்கவிட்டு, நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்ட வேண்டும்; அப்போது குப்பை ஒரு கரையோரம் ஒதுங்கும், அள்ளுவது சுலபம். உள்ளாட்சியின் அனுமதி பெறாமல் கட்டக்கூடாது. பெருவெள்ளம் வருவதற்கு முன் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிடும் பொறுப்பை ஒருவரிடம் கட்டாயம் ஒப்படைத்திருக்க வேண்டும். இல்லையேல் நீர் ஊருக்குள் ஏறிவிடும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. ஏற்காட்டுக்கு வரும் உறவினர்களிடமும் சுற்றுலாப் பயணிகளிடமும் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் பழைய துணியும், வண்ணம் பூசிய விநாயகர் சிலையும் இதே கணக்கில் சேரும். களிமண் சிலையும், துணி சேகரிக்கப் படித்துறையில் ஒரு தொட்டியும் இருந்தால் வழிபாட்டுக்குக் குறை ஏதும் வராது.

ஆறாம் படி: ஏரிக்கரையைச் சேறாகவே விடுங்கள்

மார்கழி, தை மாதங்களில் நம் ஏரிகளின் ஓரச் சேற்றில் வால்களை ஆட்டிக்கொண்டு இரை தேடும் உள்ளான்கள் வட ஆசியாவிலிருந்து வருபவை. இவற்றின் இனத்தவைதான் கோடியக்கரையிலும் பிச்சாவரத்திலும் சேற்றுத்திட்டுகளில் மேய்கின்றன. நீண்ட பயணத்தில் உள்நாட்டு ஏரிகள் அவற்றுக்கு வழிச்சத்திரங்கள்.

இன்று ஏரியைச் சீரமைப்பது என்றால் சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு நடுவது என்று ஆகிவிட்டது. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். செங்குத்தான கல்கரையில் உள்ளான் நிற்க இடமில்லை. முழங்கால் ஆழமில்லாத நீரும் ஈரச்சேறும்தான் அதற்கு வேண்டும். ஒரு பக்கம் மக்கள் நடக்கட்டும். மறுபக்கம் சரிவான, செடி மண்டிய, விளக்கில்லாத கரையாக இருக்கட்டும். மூக்கனேரியில் தன்னார்வலர்கள் ஏரிக்குள்ளேயே மண் திட்டுகள் எழுப்பி மரம் வளர்த்ததால், பறவைகளுக்கு மனிதக் கால் படாத இடம் கிடைத்தது. ஒருகாலத்தில் சேலத்துக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக்கருவேலத்தை அகற்றுவதும், வரத்துவாய்க்கால்களைத் திறப்பதும் நிறைவேறினால் மாவட்டத்துக்கே அது பெரிய பறவைப் புகலிடமாகும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கல் நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடைபெறுகின்றன. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றை எண்ணி இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவேற்றினால் போதும். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அலங்கார மீனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் எந்த நிலையிலும் ஏரியில் விட்டுவிட வேண்டாம். மறுகால் பாயும் நாளில் அவை ஆற்றுக்குள் போய்விடும்.

ஏழாம் படி: மணலும் சந்தைக்கூடையும்

வீடு கட்டுபவர்கள் கணக்கில்லாத ஆற்றுமணலை வாங்காதிருப்பது கடற்கரைக்குச் செய்யும் நேரடி உதவி. ஆனால் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்டுக்காகவும் மலைகள்தாம் உடைக்கப்படுகின்றன என்பதை மறந்துவிடக்கூடாது. தேவைக்கு மேல் கட்டாமலிருப்பதே மெய்யான சிக்கனம்.

மீன் வாங்கும்போது சினை நண்டையும் விரல்நீளக் குஞ்சு மீனையும் தவிர்த்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாள்களில் ஏரி மீனோ நாட்டுப்படகு மீனோ வாங்கலாம். இராமேசுவரம் போய்த் திரும்பும்போது பவளத்துண்டு, உலர்ந்த கடல்குதிரை ஆகியவற்றை வாங்கி வராதீர்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

எட்டாம் படி: சட்டத்தின் துணை

பேச்சில் தீராதபோது எழுத்தில் இறங்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாசுபடுத்தும் பொருளை ஓடையில் விடுவதைத் தடை செய்கிறது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். நாள், நேரம், இடம், படம், உங்கள் குறிப்பேட்டின் நகல் ஆகியவை அதில் இருக்கட்டும். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எங்கும் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனு இருமுறை காணாமற்போனது; மூன்றாம் முறை முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்திருந்ததால்தான் பதில் வந்தது. முப்பது நாளில் நடவடிக்கை தெரியாவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மனுவின் நிலையையும் ஆய்வு அறிக்கையின் நகலையும் கேளுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. உங்கள் மூன்று இடங்களின் ஓராண்டு அளவுகளை அங்கே வாசித்துத் தீர்மானம் கேளுங்கள். கிராமசபைத் தீர்மானத்துக்கு அலுவலகங்களில் எடை உண்டு. பெரிய பாதிப்பு என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் நாளைத் தள்ளிப்போடக்கூடாது.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை முகத்துவாரம்

இத்தனையும் செய்பவர்கள், தங்கள் நீர் போய்ச் சேரும் இடத்தை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆத்தூர் வழியாக விருத்தாசலம் சென்று, அங்கிருந்து சிதம்பரம் போனால் பிச்சாவரமும் பரங்கிப்பேட்டையும் அருகில்தான். தை, மாசி உகந்த காலம்: வெள்ளம் வடிந்திருக்கும், வலசைப் பறவைகள் இருக்கும். படகிலிருந்து கிளைகளை ஒடிக்கக்கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பெரும் தீங்கு விளையும் என்பதால் குழந்தைகளை அதன் அருகே விட வேண்டாம்.

அதே பருவத்தில்தான் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடலாமை மணற்கரையில் ஏறி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகிறது. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. இரவில் கரையில் நடந்தால் கைவிளக்கையும் கைபேசி ஒளியையும் அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் ஒளியை நோக்கித்தான் நகரும். கடலின் மங்கிய வெளிச்சத்தை விட்டு நம் விளக்கை நோக்கி வந்தால் அவற்றின் வழி தவறிப்போகும். ஆமையின் தடத்தைக் கண்டால் கலைக்காமல், வனத்துறையினரிடமோ பாதுகாப்புக்காக முட்டை சேகரிக்கும் தன்னார்வலர்களிடமோ தெரிவிப்பதே சரி.

போகும்போது குறிப்பேட்டின் நகல் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. மீனவர் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். ஆத்தூர்ப் பாலத்தில் எந்த நாளில் முதல் வெள்ளம் வந்தது, எந்த நாளில் நுரை மிதந்தது, எந்த வாரத்தில் நீர் தெளிந்தது என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதை அவர்களோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இறால் எந்த வாரம் ஏறியது, எந்த வாரம் வலை வெறுமையாக வந்தது என்று அவர்கள் சொல்வதை அதே பக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொண்டு ஊர் திரும்புங்கள்.